சொத்துக் கணக்கோடு என் தம்பியைப் பற்றியும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

என் தம்பிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவன். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, தாங்கள் தலைமை வகிக்கும் உள்ளூர் அளவிலான குழுதான் என்னை அவனுக்குச் சட்டபூர்வக் காப்பாளராக நியமித்தது. நியமனமான ஆறு மாதத்துக்குள் அவனுடைய சொத்துப் பட்டியலைத் தர வேண்டும். அதன்பின் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு தர வேண்டும். தந்து வருகிறேன். அப்பா விட்டுப்போன நிலத்தில் அவன் பங்கு, வங்கி இருப்பு, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை எல்லாம் அதில் இருக்கும். அவன் எப்படி இருக்கிறான் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்ததும் இல்லை.

கேட்டால் என்ன சொல்வேன்? சில மாதங்களுக்கு முன் பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தான். சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பான். உறவினர்கள் வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைகளுக்கு வயசானா இப்படித்தான்" என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு தெரிந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வருவது. ஆண்டுக்கொரு பரிசோதனை போதும் கண்டுபிடிக்க. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் பழையபடி பால் வாங்கக் கடைக்குப் போக ஆரம்பித்தான். கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார், மாதக் கடைசியில் நான் கொடுப்பேன். காலையில் அந்த நடையை விட்டால் அன்று முழுக்க அவன் முகம் சரியாக இருக்காது. நல்ல பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். வேளைக்குச் சோறும் துவைத்த துணியும் மட்டும் போதாது.

இவனோடு சிறப்புப் பள்ளியில் படித்தவர்களின் வீடுகளுக்குப் போய்வருகிறேன். எழுபது வயது தாய் ஒருவர், இடுப்பு வலியோடு, வளர்ந்த மகனைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறார். வலிப்புக்குச் சிறுவயதில் எழுதிக்கொடுத்த மாத்திரைச் சீட்டையே இன்றும் மருந்துக்கடையில் நீட்டும் குடும்பம் ஒன்று. பள்ளி நின்றதிலிருந்து உள்ளறையில் நைட்டியோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தே இருக்கும் பெண் ஒருத்தி. தெருவில் பலருக்கு அவள் இருப்பதே தெரியாது. இந்த வீடுகளில் பாசத்துக்குக் குறைவில்லை. பதினெட்டு வயது வரை பள்ளியில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் கவனித்தார்கள். அதற்குப் பிறகு யாருமே வரவில்லை. ஆயுள் முழுவதும் தேவைப்படும் உதவி பள்ளி வயதோடு நின்றுவிடுகிறது.

பாசம் இல்லாத வீடுகளும் இருக்கின்றன. உதவித்தொகைக்காகவும் நிலத்துக்காகவும் வைத்திருப்பவர்கள், பூட்டி வைப்பவர்கள். காப்பாளர் கொடுமைப்படுத்தினாலோ கவனிக்காமல் விட்டாலோ அவரை நீக்கக் கோரி பெற்றோர், உறவினர் அல்லது பதிவுபெற்ற அமைப்பு தங்கள் குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பெற்றோர் இல்லை, தப்புச் செய்பவரே உறவினர், அமைப்புகள் யாரும் அந்த வாசலுக்கு வருவதில்லை என்றால் யார் விண்ணப்பிப்பது? காப்பில் இருக்கும் மனிதருக்கோ பேச்சே சரியாக வராது.

இவர்களை வீட்டுக்கு வந்து பார்க்கப் புதிதாக அலுவலகம் எதுவும் திறக்க வேண்டாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க 2021 முதல் வீடு வீடாக வருகிறார்கள். அவர்கள் கையில் ஒரு பக்கப் படிவம் கொடுக்கலாம்: எடை, பல், மலச்சிக்கல், வலிப்பு, கடைசியாக மருத்துவரைப் பார்த்தது எப்போது, கடைசியாக வெளியே போனது எப்போது. ஆண்டுக்கு இருமுறை, பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் ஒருவர் காப்பாளர் இல்லாத இடத்தில் காப்பில் உள்ளவரோடு சிறிது நேரம் இருந்துவிட்டு வர வேண்டும். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பயிற்சிக்கு அவர்களைக் கேட்கலாம். குறையிருந்தால் முதலில் உதவி வரட்டும். அந்த எழுபது வயதுத் தாய்க்குச் சற்று ஓய்வு கிடைக்க, மகனைப் பகலில் விட்டுவர ஓர் இடம் தேவை. அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தர 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவும் சொல்கிறது. உதவி கிடைத்தும் திருந்தாத வீட்டின் மீது நடவடிக்கை எடுங்கள்.

வீட்டுக்குள் அரசு எட்டிப் பார்ப்பதா என்று சில காப்பாளர்கள் சங்கடப்படலாம். ஒரு மனிதரின் முழு வாழ்க்கையையும் ஒரு கையெழுத்தில் எங்களிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். பார்ப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

உள்ளூர்க் குழுவின் அடுத்த கூட்டப் பொருளில் இதைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். பார்வையிடும் பட்டியலில் எங்கள் வீட்டை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வருபவர் என்னிடம் கேட்பதற்கு முன் அவனிடம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் அக்கா, சட்டபூர்வக் காப்பாளர்