கட்டில் இருக்கு, டாக்டர் இருக்கார். துணைக்கு ஆள் எங்கே?

பிள்ளைகள் குறைந்ததால் அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் புதுத் தலைவலி

வேம்பார்,

"ஆச்சி, கூட யாரு வந்திருக்கா?"

அரசு ஆஸ்பத்திரியில் வயதானவர்களைச் சேர்க்கப் போனால் முதலில் வரும் கேள்வி இதுதான். "உடம்புக்கு என்ன?" என்பது அப்புறம்.

காரணம் இருக்கிறது. சீட்டு வாங்க வேண்டும். ரத்தம் எடுத்த குழாயைக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஸ்கேனுக்குத் தள்ளுவண்டி பிடிக்க வேண்டும். கஞ்சி வாங்க வேண்டும். ராத்திரி கைத்தாங்கலாகக் கக்கூசுக்கு அழைத்துப் போக வேண்டும்.

இத்தனையும் செய்கிற ஆளுக்குச் சம்பளம் கிடையாது. ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரில் பெயரும் கிடையாது. மகனோ, மகளோ, மருமகளோ யாராவது வருவார்கள் என்று நம்பித்தான் வார்டு நடக்கிறது.

அந்த ஆள்தான் இப்போது குறைந்து வருகிறார்.

1 லட்சம் தொட்டில் குறைவு

தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள், 2020-ம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1.4. மக்கள் தொகை இறங்காமல் நிற்க 2.1 வேண்டும்.

2019-ல் சுமார் 9.4 லட்சம் குழந்தைகள் பிறந்த மாநிலத்தில், 2024-ல் பிறந்தவை சுமார் 8.5 லட்சம். ஐந்தே வருஷத்தில் ஏறக்குறைய 1 லட்சம் தொட்டில் குறைந்து போச்சு.

மறு பக்கம் பாருங்கள். 2011-ல் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2021-ல் இது 13.6 ஆனது. 2031-ல் 18-ஐத் தாண்டும் என்று மத்திய அரசு மதிப்பிட்டுள்ளது. கேரளாவுக்கு அடுத்தபடி வயதானவர் விகிதம் அதிகம் உள்ள மாநிலம் தமிழ்நாடுதான்.

இதில் ஜனங்கள் மீது குற்றம் இல்லை. "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சுவருக்குச் சுவர் எழுதியது அரசு. ஜனங்கள் கேட்டு நடந்தார்கள். பிள்ளைகள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். பிரசவத்தில் தாய் சாவது வெகுவாகக் குறைந்தது. அன்று ரெண்டோடு நிறுத்திக்கொண்ட தாய்மார்கள்தான் இன்று மூட்டு வலியோடு மாத்திரை வரிசையில் நிற்கும் ஆச்சிகள்.

வேம்பாரில் விழுந்தால்...

வேம்பார், விளாத்திகுளம் தாலுகாவில் உள்ள கடற்கரை ஊர். ராமநாதபுரம் மாவட்ட எல்லை பக்கத்திலேயே. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பனங்காடு. வேம்பார் கருப்பட்டி என்றால் கடைத் தெருவில் தனி மதிப்பு.

பழைய முத்துக்குளித்துறை ஊர்களில் இதுவும் ஒன்று. தூத்துக்குடி கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல். அன்று மூச்சடக்கி இறங்கிய வாலிபர் இன்று உயிரோடு இருந்தால் எண்பதைத் தாண்டியவர்.

பனை ஏற இளவட்டங்கள் வருவதில்லை. இன்னும் ஏறுகிறவர்களில் பலருக்கு நரைத்துவிட்டது. பிள்ளைகள் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று போய்விட்டார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் எழுபத்தைந்து வயது ஆச்சி ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 108 ஆம்புலன்ஸ் வரும். விளாத்திகுளம் இருபது கிலோ மீட்டருக்கு மேல். தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நாற்பது கிலோ மீட்டருக்கு மேல். டாக்டர் இருக்கிறார். கட்டணமும் இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது.

அதன் பிறகுதான் கஷ்டமே. வாரக் கணக்கில் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், பிடித்து நடக்கவைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் முதுகில் படுக்கைப் புண், நெஞ்சில் சளி. எலும்பு கூடியும் ஆள் பிழைக்காமல் போவது இதனால்தான்.

திருப்பூர் மகன் லீவு போட்டால் அந்த நாள் சம்பளம் போச்சு. மகள் வந்தால், அங்கே அவள் மாமியாரைப் பார்ப்பது யார்? ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்த காலத்தில் முறை வைத்துப் பார்த்தார்கள். (முறைக்காகச் சண்டையும் போட்டார்கள், அது வேறு கதை.)

தனியாக ஒரு ஆயாவைக் கூலிக்கு வைக்கலாமா? முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டு மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பணம் மூணு நாள் கூலிக்குத் தேறினால் பெரிது.

வீடு தேடி மாத்திரை

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வயதானவர்களுக்கென்று தனி வைத்தியப் பிரிவு சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே ஆரம்பமானது. ஆரம்பித்தவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். கிண்டியில் 200 படுக்கையுடன் தேசிய முதியோர் நல மருத்துவ மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வேம்பார் ஆச்சிக்குக் கிண்டி ஒரு ராத்திரிப் பயணம் என்பதுதான் சிக்கல்.

2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" இன்னும் நெருங்கி வந்தது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. கை, கால் பயிற்சியும், படுத்த படுக்கையில் உள்ளவர்களுக்கு நர்சு கவனிப்பும் இதில் சேர்க்கப்பட்டன. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. பாராட்ட வேண்டிய திட்டம்தான். ஆனால் வந்தவர் அரை மணியில் கிளம்பிவிடுவார். மீதி இருபத்து மூணரை மணி நேரம்?

பதினாறு பிள்ளை

2024 அக்டோபரில் சென்னையில் நடந்த கல்யாண விழாவில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின், தொகுதிக் குறைப்புப் பயத்தைச் சொல்லி, பதினாறு பிள்ளை பெறலாமா என்று நினைக்கத் தோன்றுவதாகப் பேசினார். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் அதே மாதம் கூடுதல் பிள்ளை பெறச் சொன்னார். பேச்சு சரி. இன்று பிறக்கும் குழந்தை நர்சாகி வார்டுக்கு வர இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். ஆச்சி விழுவது நாளைக்கு.

பிரசவ வார்டை மூடி முதியோர் வார்டு ஆக்கலாம் என்ற யோசனையும் ஆபத்து. வேம்பார் போன்ற கடைக்கோடி ஊரில் பிரசவம் எண்ணிக்கையில் குறைந்தாலும், வலி எடுத்தால் பக்கத்தில் இடம் வேண்டும்.

நடக்கக்கூடியது ஒன்று உண்டு. துணைக்கு இருப்பதைச் சம்பள வேலையாக்குவது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆள் இல்லாத நோயாளிகளுக்கு வார்டிலும் வீட்டிலும் அரசே துணை அமர்த்தலாம். கேரளா 2008-லேயே நோய் தணிப்புக் கொள்கை வகுத்து, பஞ்சாயத்து மூலம் நர்சுகளை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது.

ஜப்பானில் 2000-ம் ஆண்டு முதல் இதற்கென்றே காப்பீடு உண்டு. 40 வயதைத் தாண்டியவர்கள் பணம் கட்ட வேண்டும். பாதிச் செலவு வரிப் பணம். குளிப்பாட்ட, சோறு ஊட்ட வீட்டுக்கு ஆள் வரும்.

இப்போது அங்கேயும் ஆள் போதவில்லை. அதனால் வெளிநாட்டில் ஆள் எடுக்கிறார்கள். ஜப்பானிய பாஷை படித்து, அந்த வேலைக்கு இந்தியாவில் இருந்தும் போகிறார்கள்.