பெனால்டிக்கு அஞ்சாத பசங்க!

பெனால்டி ஷூட் அவுட் என்றாலே நெதர்லாந்து ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கும். 2014, 2022 என இரண்டு உலகக் கோப்பைகளில் அவர்களின் சீனியர் அணி அர்ஜென்டினாவிடம் அப்படித்தான் தோற்றது.

ஆனால், அதே நாட்டின் 17 வயதுக்கு உட்பட்டோர் அணி 2018 யூரோ தொடரில் செய்ததைப் பாருங்கள். காலிறுதியில் அயர்லாந்து, அரையிறுதியில் இங்கிலாந்து, இறுதியில் இத்தாலி. மூன்றும் டிரா, மூன்றிலும் பெனால்டியில் வெற்றி. கோப்பை கையில்!

இது ஒருநாள் அதிர்ஷ்டம் இல்லை. 2011, 2012-ல் ஜெர்மனியை வீழ்த்தி அடுத்தடுத்து சாம்பியன் ஆன அணி இது. 2011-ல் ஆடிய மெம்ஃபிஸ் டிபாய்தான் இன்று நெதர்லாந்துக்காக அதிக கோல் அடித்தவர். 2019-லும் இத்தாலியை 4-2 என வென்று கோப்பையைத் தக்கவைத்தார்கள்.

அதே ஆண்டு பிரேசிலில் உலகக் கோப்பை அரையிறுதி. எதிரில் மெக்ஸிகோ. மறுபடியும் டிரா, மறுபடியும் பெனால்டி. இந்த முறை தோல்வி.

அரங்கமே பார்க்க, தனியாக நடந்துபோய்ப் பந்தை உதைப்பது பதினேழு வயதில் சாதாரணமா? கோல் அடித்தவனைத் தூக்கிக் கொண்டாட ஊரே வரும். தவறவிட்டவன் தோளில் கைபோட ஒருவராவது வேண்டும். பரீட்சையில் கோட்டைவிட்டு வரும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் அதேதான்.