ஜீன் பதிவேடுகளும் எல்லைக் கிராமங்களும்

1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீசுவரம், தோவாளை ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை அமைந்தது. ஆயினும் இருபுறத்துக் குடும்பங்களின் கொள்வினை கொடுப்பினை அதனால் அற்றுப்போய்விடவில்லை. பாரம்பரிய நோய்களைப் பற்றிப் பேசுமிடத்து இதனை நினைவில் கொள்ளுதல் அவசியம்.

இவ்வூர்களிலிருந்து இதய நோய்க்காகத் திருவனந்தபுரம் செல்லும் ஒருவருக்கு ஜீன் சோதனை செய்யப்பட்டது எனக் கொள்வோம். அறிக்கையில் ஒரு மாறுபாடு குறிக்கப்பட்டு, அது 'நோய் விளைவிப்பது' என்றோ, 'பொருள் உறுதிப்படாதது' என்றோ, 'தீங்கற்றது' என்றோ எழுதப்பட்டிருக்கும். இத்தீர்ப்பைச் சோதனைச்சாலை தானாகவே கண்டுபிடித்து எழுதுவதில்லை. 2013 முதல் அமெரிக்க அரசின் நிறுவனமொன்று நடத்திவரும் 'கிளின்வார்' போன்ற பொதுப் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தே எழுதுகிறது. அப்பதிவேட்டில் உள்ளவை பல சோதனைச்சாலைகள் அனுப்பிய கருத்துக்கள். சான்றின் வலிமைக்கேற்ப நட்சத்திரங்கள் இடப்படுகின்றன. நிபுணர் குழு ஆராய்ந்ததற்கு மூன்று, ஒரே சோதனைச்சாலை உரிய அளவுகோலுடன் கூறியதற்கு ஒன்று. நட்சத்திரமே பெறாத பதிவுகளும் உண்டு.

இதன் நம்பகத்தைச் சோதித்தறிய நம் நாட்டிலேயே தக்க உதாரணம் இருக்கிறது. இதயத் தசைப் புரதம் ஒன்றை உண்டாக்கும் எம்.ஒய்.பி.பி.சி.3 என்னும் ஜீனில் 25 எழுத்துக்கள் விடுபட்டதொரு மாறுபாடு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் ஐதராபாத் விஞ்ஞானிகளும் பிறரும் சேர்ந்து 2009இல் இதைப்பற்றி வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. தென்னாசியரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் இது உள்ளதென்றும், உள்ளவர்க்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு என்றும் அது கூறிற்று. ஆயிரம் பேர் வாழும் ஊரில் நாற்பது பேர்! அவர்களுள் மிகப் பலர் வயலிலும் ரப்பர்த் தோட்டத்திலும் நோயின்றி உழைத்து முதுமை எய்துகின்றனர் என்பதையும் கருத வேண்டுமல்லவா?

2020இல் பிரிட்டனில் வாழும் தென்னாசிய வழி நோயாளர்களை ஆராய்ந்தவர்கள் வேறொன்று கண்டனர். இதயத் தசை தடிக்கும் நோய்க்கு மெய்யான காரணம், சிலரிடம் மட்டும் அவ்விடுபாட்டோடு சேர்ந்து வரும் மற்றோர் அரிய மாறுபாடே என்பது அவர்கள் முடிவு. பதினோரு ஆண்டுகளில் தீர்ப்பு இவ்வாறு திரும்பிற்று. ஆனால் இடையில் எழுதப்பட்ட அறிக்கை வீட்டுப் பெட்டியில் பழைய சொல்லோடு கிடக்கும். ஒரு பெண்ணின் திருமணப் பேச்சு முறிவதற்கு அந்தத் தாள் ஒன்றே போதும்.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே சாதாரணமாகக் காணப்படும் சில மாறுபாடுகள், இதே இதய நோய்க்குக் காரணமெனத் தவறாகக் குறிக்கப்பட்டிருந்ததை 2016இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. ஒப்பீட்டுக்குரிய நலமுள்ளோரில் அம்மக்களுள் சிறுதொகையினரைச் சேர்த்திருந்தாலே பிழை நேர்ந்திராது. நம் நிலையும் அத்தகையதே. இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1,029 இந்தியரின் ஜீன்தொகுதியைப் படித்தபோது, கண்ட மாறுபாடுகளில் 32 சதவீதம் உலகத் தொகுப்புகளில் காணப்படாதவை. 2025 ஜனவரியில் வெளியான 'ஜீனோம் இந்தியா' தொகுப்பு பதினாயிரம் பேர் வரை வளர்ந்துள்ளது. பெரிதே, ஆனால் தம்முள்ளேயே மணம் செய்துகொள்ளும் எண்ணற்ற சிறு கூட்டங்கள் நிறைந்த நாட்டிற்கு அது தொடக்கமே எனலாம்.

ஆகவே பதிவேடுகளை ஒதுக்கச் சொல்லவில்லை. அவையின்றி நோய் அறிதலே இயலாது. அறிக்கையில் எந்தப் பதிவேடு, எந்தத் தேதியில் பார்க்கப்பட்டது, எத்தனை நட்சத்திரம் என்பன எழுதப்பட வேண்டுமென்று சுகாதார அதிகாரிகள் வற்புறுத்த வேண்டும். சில ஆண்டுகள் கழிந்த அறிக்கையை மறுபரிசீலனைக்கு அனுப்புமாறு கள ஊழியர்கள் குடும்பத்தாரிடம் கூறலாம். வம்சாவளி எழுதும்போது 'கேரளம்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடலாகாது. இருவழிப் பாட்டன் பாட்டியரின் சொந்த ஊர், வீட்டுமொழி, மாமன் மகள் அத்தை மகன் உறவில் மணம் நடந்ததா என்பனவற்றையும், அவர்கள் சம்மதத்துடன், குறித்தல் நலம். பாறசாலைப் பாட்டியின் பிறந்தகம் குழித்துறையாக இருக்கலாம். அந்த வரி இல்லாவிடில், எல்லைக்கு அப்பாலுள்ள உறவினரைச் சோதனைக்கு அழைக்க ஒருவருக்கும் தோன்றாது.