இளையோர்க்கு இளையோரே துணை



ரஜுலா கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கிய நம் முன்னோர்க்குக் கைமுதல் ஏது? ஊர்க்காரன், உறவுக்காரன் என்ற துணை ஒன்றுதான். அந்தத் துணையே பின்னர் சங்கமாக வளர்ந்தது. சிதறிக் கிடந்த சங்கங்கள் 1954-ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமாக ஒன்றுபட்டதும், தனி மரம் தோப்பாகாது என்பதை உணர்ந்ததால் அன்றோ? சம்பளத்திற்காக ஒன்றுகூடத் தெரிந்த நம் சமூகத்தில், 13 வயதுப் பிள்ளை தனித்துக் கிடக்கலாமா?

இது பணக்காரர் வீட்டுக் கவலை என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2022-இல் நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 13 முதல் 17 வயது வரையிலான மாணவரிடையே ஆய்வு நடத்தியது. நால்வரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருப்பதாக அது கூறிற்று. உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்றும், பதின்ம வயதினரிடையே அது மிகுதி என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் அறிவித்தது.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. செபராங் பிறையில் பால்மரங்கள் நின்ற நிலங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது முதல் ஆலை வேலை பெருகிற்று. லயத்தை விட்டுப் பல குடும்பங்கள் அடுக்குமாடி ஏறின. லயத்திலே வீடு சிறிது. ஆனால் பிள்ளைக்குத் திடல் உண்டு, கோயில் திருவிழா உண்டு, பக்கத்து வீட்டு அண்ணனும் அக்காளும் உண்டு. அடுக்குமாடியிலோ தாய் ஒரு ஷிப்டு, தந்தை ஒரு ஷிப்டு. பிள்ளைக்குப் பூட்டிய கதவுதான் துணை. தோட்டத்திலேயே இருப்போர் நிலையும் வேறல்ல. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் ஒரே குடும்பம்போல் படித்த பிள்ளை, திடீரென்று ஆயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளியிலோ புகுமுக வகுப்பிலோ போய் நிற்கிறது. மொழி தடுக்கிறது, கூச்சம் வாயை அடைக்கிறது. கைத்தொலைபேசியில் நூறு பெயர் இருக்கலாம். மனம் விட்டுப் பேச ஒருவர் இல்லை.

தந்தையிடம் சொன்னால் அடி விழும், ஆசிரியரிடம் சொன்னால் பெயர் கெடும் என்று அஞ்சும் பிள்ளை, தன் வயதுத் தோழனிடம் சொல்லும். இதை அறிந்தே நம் பள்ளிகளில் ‘பெம்பிம்பிங் ராக்கான் செபாயா’ என்னும் சகமாணவர் வழிகாட்டிகளை ஆலோசக ஆசிரியர்கள் பயிற்றுகிறார்கள். நமக்கும் இது புதிதன்று. 1950-களில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம், முகமறியாத இளைஞர்களை எழுத்தால் இணைத்தது. மலாயாவெங்கும் மணிமன்றங்கள் அதன் வழியே எழுந்தன. 1953-இல் இலண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் துன்புற்றோரின் சொல்லைச் செவிமடுக்கும் பணியைத் தொடங்கினார். அதே வழியில் நம் நாட்டில் பிரண்டர்ஸ் அமைப்பு 1970-இல் கோலாலம்பூரில் தோன்றிற்று. பினாங்கிலும் அது உண்டு. அங்கே காது கொடுப்போர் பயிற்சி பெற்ற சாதாரணத் தொண்டர்களே.

ஆகவே நம் கிளைகள் செய்ய வேண்டியவை மூன்று. வாரம் ஒரு மாலை சங்க மண்டபத்தை இளையோர்க்குத் திறந்து விடுங்கள். கேரம் பலகையும் தேநீரும் போதும், சொற்பொழிவு வேண்டாம். படிவம் ஒன்றில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அதே தமிழ்ப்பள்ளியிலிருந்து முன்னே சென்ற நான்காம் படிவ மாணவர் ஒருவரைத் துணையாக்குங்கள். பெயர்ப் பட்டியலைக் கிராணிமார் பொறுப்பேற்கட்டும். அந்தத் துணைவர்க்குப் பயிற்சி தர ஆலோசக ஆசிரியரை அழையுங்கள்.

அந்தப் பயிற்சியிலே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தோழன் மருத்துவனல்லன். சாவைப் பற்றிப் பேசும் நண்பனின் இரகசியத்தைக் காக்கக் கூடாது. நம்பத்தக்க பெரியவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கூறிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. உதவி கேட்பதற்குப் போலீசை அஞ்ச வேண்டியதில்லை.

“இதுவா சங்கத்தின் வேலை?” என்று கேட்போர் இருக்கலாம். விடியுமுன் பெரட்டுக்கு ஓடுவதும், பால்வாளி சுமப்பதும், கூலிக்குப் போராடுவதும் யாருக்காக? அந்தப் பிள்ளை தனியே வாடினால், உயர்ந்த கூலி எதற்கு உதவும்? அடுத்த கிளைக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். கூடி நிற்பதன் வலிமையை நம் பிள்ளைகளும் அறியட்டும்!