ஒரு நாள் முழுக்க தடக்... தடக்!

மெட்ராஸ் போனா நம்ம லிஸ்ட் என்ன? மெரினா, தி.நகர், ஒரு புதுப்படம், முடிஞ்சா ஒரு மால். இந்த வாரம் நான் சொல்லப் போறது வேற ரூட். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சென்னையில் ரயில்லயே சுத்தறது! யாரையும் பார்க்க வேண்டாம், எங்கேயும் போய்ச் சேர வேண்டாம். ஏறு, உட்காரு, ஜன்னல் வழியா பாரு, இறங்கு, அடுத்த ரயில்ல ஏறு. அவ்வளவுதான்.

"இதுல என்னடா இருக்கு?"ன்னு சிரிக்கிறவங்க தாராளமா சிரிச்சுக்கலாம். ரயில் பைத்தியங்கள் உலகம் முழுக்க இருக்காங்க. என்ஜின் நம்பரை நோட்டில் எழுதி வைக்கிறவங்க, ஹாரன் சத்தத்தை வச்சே என்ஜின் எதுன்னு சொல்றவங்க, டைம்டேபிளை நாவல் மாதிரி படிக்கிறவங்கன்னு பல ரகம். நான் சுந்தரபாண்டியத்துக்காரன். எங்க ஊருக்கு ரயிலே கிடையாது. ரயிலைப் பார்க்கணும்னாலே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறணும். அப்புறம் பைத்தியம் பிடிக்காம என்ன செய்யும்?

ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினா, விடியக்காலையில் தாம்பரம். எக்மோர் வரைக்கும் போகாம இங்கேயே இறங்கிடுங்க. நம்ம டூர் இங்கேதான் ஆரம்பம். பிளாட்பாரத்தில் ஒரு டீ. அப்புறம் பீச் ஸ்டேஷனுக்கு டிக்கெட். புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் அஞ்சு ரூபாய்தான். நாள் முழுக்க சுத்தினாலும் மல்டிப்ளெக்ஸில் ஒரு படம் பார்க்கிற காசு ஆகாது. ஒரே ஒரு கண்டிஷன்... நடுவுல எந்த ஸ்டேஷன்ல இறங்கி வெளியே போனாலும் திரும்ப ஏற புது டிக்கெட் எடுக்கணும். அஞ்சு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் ஃபைன் கட்டிட்டு நிக்காதீங்க.

காலை கூட்டம் கொஞ்சம் அடங்கட்டும், அதுக்கப்புறம் ஏறுங்க. வேலைக்குப் போறவங்க தொங்கிட்டுப் போற நேரத்தில் நாம வேடிக்கை பார்க்க சீட் பிடிக்கிறது நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். அன்னிக்கு ரயில் குறைவு. பராமரிப்பு வேலைன்னு சிலதை நிறுத்தியும் வைப்பாங்க.

தாம்பரம் - பீச் லைனில் ஸ்டேஷன் பெயர்களைப் படிச்சாலே பாதி சரித்திரம் தெரிஞ்சுடும். தாம்பரம் சானடோரியம்... காசநோய் மருத்துவமனையால் வந்த பேர். குரோம்பேட்டை... குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பேர். திரிசூலத்தில் எதிரே ஏர்போர்ட். ரயிலுக்குக் காத்திருக்கிற நேரத்தில் விமானம் தலைக்கு மேலே இறங்கும். கிண்டி தாண்டினா அடையாறு ஆறு. மாம்பலத்தில் பாதி ரயில் காலியாகும், ரங்கநாதன் தெரு இழுக்கிற இழுப்பு அப்படி!

இந்த லைனுக்கு வயசு ரொம்ப அதிகம். 1931லேயே இங்கே மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சாச்சு. மும்பையில் 1925லேயே மின்சார ரயில் வந்துடுச்சு, ஆனா அது அகலப்பாதை. மீட்டர் கேஜில் மின்சார ரயில்ங்கிறது இந்தியாவிலேயே இங்கேதான் முதல். அந்தச் சின்ன ரயில்கள் 2004 வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் எல்லாமே அகலப்பாதை. 2025 ஏப்ரலில் பீச் - செங்கல்பட்டு பாதையில் ஏ.சி. மின்சார ரயிலும் வந்தாச்சு.

நான் போன அன்னிக்கு சைதாப்பேட்டையில் ஒரு பூக்கார அக்கா கூடையோடு ஓடி வந்தாங்க. கையைப் பிடிச்சு ஏத்தி விடலாம்னு நான் எழுந்திரிக்கிறதுக்குள்ளே ரயில் நகர ஆரம்பிச்சுடுச்சு. அவங்க சட்டுனு பின்வாங்கிட்டாங்க. ஜன்னல் வழியா, "ஐயோ, மிஸ் பண்ணிட்டீங்களேக்கா"ன்னேன். "போனா போவுது தம்பி, பின்னாடியே இன்னொண்ணு வருது"ன்னு சிரிச்சாங்க.

என்னைப் பொறுத்தவரை அன்னிக்குக் கிடைச்ச பெரிய பாடம் இதுதான். நம்ம ஊரில் யாராவது ரயிலைத் தவற விட்டுட்டு இப்படிச் சிரிச்சுப் பார்த்திருக்கீங்களா? நம்ம பக்கம் ரயில்ங்கிறது ஒரு நிகழ்ச்சி. அதுக்காக அலாரம் வைக்கணும், அரை மணி முன்னாடி போய் நிக்கணும். சென்னையில் ரயில் ஒரு பழக்கம். குழாயைத் திறந்தா தண்ணி வர்ற மாதிரி, போனா ரயில் இருக்கும்ங்கிற தைரியம். இதை மனசில் வச்சுக்கிட்டு மேலே போவோம்.

பீச் ஸ்டேஷனில் இறங்கி, வடக்கே ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி ராயபுரம் போயிட்டு வாங்க. இந்தப் பக்கம் ரயில் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வரும். பொறுமை தேவை. ஆனா ரயில் பிரியர்களுக்கு இது கோயில்! தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி இங்கேயிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்புச்சு. மும்பை - தானே ரயில் ஓடி மூணே வருஷத்தில் நம்ம ஆளுங்களும் ரயில் பார்த்துட்டாங்க. 1873ல் சென்ட்ரல் வரும்வரை நகரத்துக்குப் பெரிய வாசல் இதுதான். இந்தியாவில் இன்னும் நிக்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் இதுதான் ரொம்பப் பழசு. அந்த உயரமான தூண்களுக்குக் கீழே ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு பாருங்க.

திரும்ப பீச். இப்போ பறக்கும் ரயில்! வேளச்சேரிக்கு டிக்கெட் எடுத்து, இடது பக்க ஜன்னலைப் பிடிங்க. கோட்டை, பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம்... அப்படியே மாடி உயரத்தில் ஊரைப் பார்த்துக்கிட்டே போகலாம். கட்டடங்களுக்கு நடுவுல கடல் எட்டிப் பார்க்கும். மொட்டை மாடியில் காயற வத்தல், பால்கனியில் படிக்கிற பையன், யாரோ வளர்க்கிற புறான்னு தரையில் போறவங்களுக்குத் தெரியாத சென்னை இங்கே தெரியும். கோட்டூர்புரத்துக்கு முன்னாடி மறுபடியும் அடையாறு. திருவான்மியூரில் டைடல் பார்க். கம்ப்யூட்டர் படிச்ச நம்ம சீனியர்கள் பல பேர் பேக்கை மாட்டிக்கிட்டு இறங்கற இடம்.

கொஞ்சம் கீழேயும் பாருங்க. தூண்கள் பல இடத்தில் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நிக்கும். ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏத்திக்கிட்டு படகு போன நீர்வழி அது. நிலம் வாங்குற செலவு மிச்சம்னு பார்த்தா, தண்ணி போற வழி குறுகிப் போச்சு. நகரத்தில் எதுவும் ஓசியில் கிடைக்கிறதில்லை!

இந்தப் பறக்கும் ரயிலுக்கு இன்னொரு கதையும் உண்டு. பீச் - சேப்பாக்கம் 1995ல் ஓட ஆரம்பிச்சுது. 1997ல் மயிலாப்பூர். வேளச்சேரி வர்றதுக்கு 2007 ஆயிடுச்சு. அங்கேயிருந்து பரங்கிமலைக்கு வெறும் அஞ்சு கிலோமீட்டர். 2008ல் வேலை ஆரம்பிச்சாங்க. ஆதம்பாக்கம் பக்கத்தில் கடைசி அரை கிலோமீட்டருக்கு நிலம் எடுக்கறதில் வழக்கு வந்து, வருஷக்கணக்கா இழுத்துச்சு. பெரிய பெரிய ஸ்டேஷன் கட்டி வச்சும் பல வருஷம் உள்ளே ஆளே இல்லாம ஈ ஆடினதுக்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனா சங்கிலியே உபயோகமில்லை. ரயிலும் அப்படித்தான். அடுத்த ரயிலோடு போய்ச் சேரலைன்னா ஜனங்க பஸ்ஸுக்கே போயிடுவாங்க.

வேளச்சேரியில் மதிய சாப்பாடு. அப்புறம் அதே பறக்கும் ரயிலில் பூங்கா நகர் வந்து, ரோட்டைத் தாண்டினா சென்ட்ரல். இப்போ பாதாளத்துக்கு இறங்குங்க... மெட்ரோ! இங்கே குறைந்தபட்சம் பத்து ரூபாய், அதிகபட்சம் அம்பது. பரங்கிமலைக்கு டிக்கெட் எடுங்க. எக்மோர், கீழ்ப்பாக்கம், பச்சையப்பன் கல்லூரி, ஷெனாய் நகர்னு பூமிக்குள்ளேயே போயி, திருமங்கலம் தாண்டினதும் திடீர்னு வெளிச்சம். சுரங்கத்திலிருந்து ரயில் மேலே ஏறி, கோயம்பேட்டில் மேம்பாலத்துக்கு வந்துடும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே டிக்கெட் எடுக்கலாம், ப்ராமிஸ்! சென்னை மெட்ரோவின் முதல் பாதை, 2015 ஜூன் 29ல் திறந்தது, இந்தக் கோயம்பேடு - ஆலந்தூர்தான். அன்னிக்கு முதல் ரயிலை ஓட்டினது ஒரு இளம்பெண். கேர்ள்ஸ், நோட் பண்ணிக்கங்க!

பரங்கிமலையில் மெட்ரோவும் புறநகர் ரயிலும் சந்திக்குது. இங்கே கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம் பேசணும்.

2018 ஜூலை 24. காலை நேரம். மின்கம்பியில் கோளாறு, ரயில்கள் தாமதம். பிளாட்பாரம் எல்லாம் ஜனக்கூட்டம். கடைசியா வந்த ரயிலில் உள்ளே போக இடமில்லாம பல பேர் வாசலில் தொங்கினாங்க. வழக்கமான பாதையை விட்டு, எக்ஸ்பிரஸ் ரயில் போற பாதையில் அந்த ரயில் திருப்பி விடப்பட்டிருந்துச்சு. பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர். தொங்கினவங்க அதில் மோதி விழுந்தாங்க. குறைந்தது நாலு பேர் செத்துப் போனாங்க. காலையில் வேலைக்கும் படிக்கவும் கிளம்பின இளைஞர்கள்.

ஃபுட்போர்டில் நின்னு பாட்டுப் பாடறதும், பிளாட்பாரத்தில் காலைத் தேய்ச்சுக்கிட்டே போறதும் சில காலேஜ் பசங்களுக்கு கெத்து. ரயில்வே சட்டத்தின் 156வது பிரிவில் இதுக்கு மூணு மாசம் வரை ஜெயில் அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். அது கெத்துக்குத் தொங்கறவங்களுக்கு. ஆனா அன்னிக்குத் தொங்கினவங்க? உள்ளே இடம் இருந்திருந்தா உள்ளேதான் நின்னிருப்பாங்க. வர வேண்டிய ரயில் வரலை, அந்தக் கூட்டமும் அடுத்த ரயிலில் ஏறுச்சு. "பின்னாடியே இன்னொண்ணு வருது"ங்கிற நம்பிக்கை ஒரே ஒரு காலை உடைஞ்சதுக்கு விலை, உயிர்!

கணக்குப் போட்டுப் பாருங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் இருந்தா, நேரம் பார்க்காமப் போனாலும் சராசரியா அஞ்சு நிமிஷம்தான் காத்திருக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னா ஒரு மணி நேரம். ஜாரெட் வாக்கர்னு ஒரு அமெரிக்க போக்குவரத்து ஆலோசகர் இருக்கார். ரயிலோ பஸ்ஸோ எவ்வளவு வேகமாப் போகுதுங்கிறதை விட, எவ்வளவு அடிக்கடி வருதுங்கிறதுதான் ஒரு மனுஷனோட சுதந்திரத்தைத் தீர்மானிக்குதுன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்கார். அடிக்கடி வந்தா கிளம்பற நேரம் உங்க கையில். எப்பவாவது வந்தா உங்க நேரம் ரயில் கையில்.

இப்போ நம்ம லைனுக்கு வாங்க. விருதுநகர் - தென்காசி பாதை 1927ல் வந்தது. மீட்டர் கேஜா இருந்து அகலப்பாதை ஆச்சு, மின்சாரமும் வந்தாச்சு. ஆனா இன்னும் ஒத்தைத் தண்டவாளம்தான். எதிரே ரயில் வந்தா, ஒண்ணு ஏதாவது ஸ்டேஷனில் ஒதுங்கி நின்னு வழி விடணும். கிராஸிங்னு சொல்லி நடுவழியில் நிறுத்துவாங்களே, அதுதான். அதனால நினைச்ச மாதிரி ரயில் விட முடியாதுங்கிறது உண்மை. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்னு வரிசையா ஊர் இருந்தும் ஒரு நாளைக்கு வர்ற ரயிலை விரல் விட்டு எண்ணிடலாம். காலை ரயிலை விட்டா காலேஜில் முதல் ரெண்டு பீரியட் போச்சு. சாயங்காலம் லேப் லேட்டா முடிஞ்சா ரயில் போச்சு. மதுரையில் நல்ல கோர்ஸ் கிடைச்சும், "போய் வர ரயில் சரியில்லை, பொம்பளப்புள்ள இருட்டின பிறகு பஸ் மாறி வரணுமா?"ன்னு வீட்டில் நிறுத்தினது எத்தனை பேரை? உங்க கிளாஸிலேயே ஒருத்தராவது இருப்பாங்க.

சென்னையில் நாள் முழுக்க சுத்தி நான் கொண்டு வந்த ஐடியா இதுதான். உங்க காலேஜில் ஒரு நோட்டு போடுங்க. எத்தனை பேர் எந்த ஊரிலிருந்து வர்றாங்க, எத்தனை மணிக்கு ரயில் இருந்தா அதில் வருவாங்க, இப்போ பஸ்ஸுக்கு மாசம் எவ்வளவு செலவு... ஒரு வாரம் எழுதினா போதும். "எங்களுக்கு ரயில் வேணும்"னு சும்மா கேட்டா மனு குப்பைக்குப் போகும். "காலை ஏழு மணிக்கு இந்த ஸ்டேஷன்லேர்ந்து இத்தனை பேர்"னு நம்பரோடு கேட்டா படிச்சுப் பார்ப்பாங்க. நம்ம லைன் மதுரை கோட்டத்தில் வருது. கோட்ட மேலாளருக்கு அனுப்புங்க, எம்.பி. ஆபீசுக்கு ஒரு காப்பி கொடுங்க. கோட்டத்தில் பயணிகள் ஆலோசனைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கும் ஒரு காப்பி போகட்டும். ரெட்டைத் தண்டவாளம் உடனே வராது. ஆனா காலேஜ் நேரத்துக்குப் பொருந்தற மாதிரி ஒரு ரயிலோட நேரத்தை மாத்தறதுக்கு புதுசா தண்டவாளம் போட வேண்டியதில்லையே!

ஆங்... டூரை முடிக்கலையே! பரங்கிமலையிலிருந்து புறநகர் ரயிலில் தாம்பரம். ராத்திரி பொதிகை வர்ற வரைக்கும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து போற வர்ற ரயிலை எண்ணுங்க. நோட்டை மறக்காதீங்க.

அடுத்த வாரம் பார்க்கலாமா? டேக் கேர்!