வெள்ளக்கல் கணக்கு

மதுரையில் ஒரு வீட்டுக்காரர் நேற்றைய சாம்பார், தீர்ந்துபோன பேட்டரி, உடைந்த டியூப்லைட், குழந்தையின் டயப்பர் எல்லாவற்றையும் ஒரே கேரிபேக்கில் கட்டி வண்டியில் போடுகிறார். வண்டி தெருமுனை திரும்பியதும் குப்பை "போய்விட்டது". எங்கே போனது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அவனியாபுரத்தை ஒட்டிய வெள்ளக்கல்லுக்குப் போகிறது. பொங்கலன்று ஜல்லிக்கட்டுக்காக ஊரே திரும்பிப் பார்க்கிற அதே அவனியாபுரம்தான்.

குப்பைமேடு என்றாலே நாற்றம், புகை, ஈ, நாய் என்றுதான் பேச்சு. நாற்றத்துக்கு மூக்கை மூடலாம். மண்ணுக்குள் இறங்குவதை எதைக்கொண்டு மூடுவது? குப்பை அழுகும்போது கறுப்பாக ஒரு சாறு கசியும், மழை பெய்தால் பெருகும். அம்மோனியா, குளோரைடு, பேட்டரியின் ஈயம், டியூப்லைட்டின் பாதரசம் எல்லாம் அதில் கலந்து வரலாம். மதுரையைச் சுற்றிப் பெரும்பாலும் கடினப்பாறை. போர்வெல் தண்ணீர் அந்தப் பாறையின் விரிசல்களில்தான் இருக்கிறது. சாறு ஒரு விரிசலைப் பிடித்துவிட்டால் எந்தப் பக்கம் போகும் என்று கணிப்பது கஷ்டம். பக்கத்துக் கிணறு தப்பிக்கும், தள்ளியிருக்கிற கிணறு கெடும். தரைக்கு மேலே ஓடுவதற்கோ வழி தயாராக இருக்கிறது. ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்படி முன்னோர்கள் வெட்டிவைத்த சங்கிலி அது. தண்ணீருக்காகப் போட்ட பாதையில் இன்று அழுக்கும் சேர்ந்து பயணம் செய்கிறது!

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1996-ல் அல்மித்ரா பட்டேல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2000-ல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. புதைகுழிக்கு அடியில் 90 செ.மீ. களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் விரிப்பு, சாற்றைப் பிடிக்கக் குழாய், சுற்றிலும் நிலத்தடி நீர்ச் சோதனை. பழைய கிடங்குகளை 2001 டிசம்பர் 31-க்குள் சீர்செய்ய வேண்டும் என்று தேதி வேறு குறித்தார்கள். தேதி வந்தது, போனது. (கல்லூரியில் ஒரு அசைன்மென்ட் ஒரு வாரம் தள்ளிப்போனால் எவ்வளவு திட்டு விழும்!) 2016-ல் மறுபடி புது விதிகள்.

"இதுக்கெல்லாம் மாநகராட்சிகிட்ட ஏது பணம்?" என்று ஜல்லியடிப்பவர்கள் உண்டு. பி.காம். முதல் வருஷ மாணவரே கேட்பார்: உங்கள் புத்தகத்தில் எழுதவில்லை என்றால் அது செலவே இல்லையா? கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று அந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். கிணறு கெட்ட வீடு கேன் தண்ணீருக்குக் கொடுக்கிற காசு யார் கணக்கில் வருகிறது? மாநகராட்சி வாங்கும் லாரிக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறார்கள். லாரி குப்பை கொட்டுகிற மண்ணுக்கு யாரும் தேய்மானம் எழுதுவதில்லை. மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், நம் தமிழ்நாட்டை வைத்தே. தோல் ஆலைக்கு ஒரு நியாயம், கேரிபேக் கட்டுகிற வீட்டுக்காரருக்கு வேறு நியாயமா?

இதில் பெரிய வேடிக்கை 2011-ல் நடந்தது. அதுவரை அவனியாபுரம் தனி நகராட்சி. அடுத்த ஊர், யார் கேட்பது? மதுரை 72 வார்டிலிருந்து 100 வார்டானபோது அவனியாபுரமும் உள்ளே வந்தது. இப்போது அந்த மக்கள் சொத்து வரி கட்டுவதும் அதே மாநகராட்சிக்குத்தான். வரி ஒன்று, குப்பை மட்டும் நூறு வார்டுக்கும் சேர்த்து அவர்கள் பக்கத்தில்!

பயோமைனிங் செய்தால் மேடு கரைந்துவிடும் என்பது லேட்டஸ்ட் பதில். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண், பிளாஸ்டிக், கல் என்று பிரிப்பது அது. நல்ல வேலைதான், புதுச் சாறு ஊறுவது குறையும். ஆனால் சல்லடை சலிப்பது குப்பையை மட்டும்தான். ஏற்கெனவே விரிசலுக்குள் இறங்கிவிட்ட சாற்றை எந்தச் சல்லடையும் பிடிக்காது. மேடு காணாமல் போனபிறகும் கிணறுகளைப் பல வருஷம் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவும் சேர்ந்ததுதான் குப்பைச் செலவு. பேட்டரியையும் டியூப்லைட்டையும் தனியாகக் கொடுக்காத வீட்டிடம் அதற்காகக் கூடுதலாக வசூலித்தாலும் தப்பில்லை.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. சோதனையில் வருகிற எண்ணைத் தெருவாரியாக எழுதி, அவனியாபுரத்தின் வார்டு அலுவலகங்களில் மாதாமாதம் ஒட்டட்டும். ஒரு சார்ட் அட்டை, ஒரு மார்க்கர். இதற்குமா பணம் இல்லை?