நிற்காத நிரல் பிழையா?

நிரல் என்றால் விடையைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டும், நிற்காதது பிழை. முதலாண்டுப் பாடத்தில் தொற்றிக்கொள்ளும் இந்த எண்ணம், விடிய விடிய ஓடும் சர்வர்களைப் பராமரிப்பவர்களிடம்கூட இருக்கிறது. அதற்குக் கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங்கைச் சாட்சிக்கு அழைப்பதுதான் வேடிக்கை. அவருடைய 1936 கட்டுரையில் தேறிய இயந்திரம், இலக்கங்களை ஓயாமல் அச்சிட்டுக்கொண்டே இருப்பது. சில இலக்கங்களோடு அடங்கிவிடுவதைத்தான் அவர் திருப்தியற்றது என்று ஒதுக்கினார்.

ஒரு கோவையை விதிப்படி மாற்றி மாற்றி எழுதுவதே கணக்கீடு என்று கொள்ளும் துறை ஒன்று உண்டு. அதில் ஒரு விதி: எண்கள்(ந) வந்தால் 'ந, எண்கள்(ந+1)' என்று எழுது. எண்கள்(0) என்று தொடங்கினால் '0, எண்கள்(1)', பிறகு '0, 1, எண்கள்(2)' என்று போகும். முடிவே கிடையாது. ஆனால் வெளியே வந்த 0-வை இனி எந்தப் படியும் தொடாது. வேலை ஒவ்வொரு முறையும் ஓரடி உள்ளே இறங்குகிறது. ஆயிரமாவது எண் வேண்டுமா, ஆயிரம் படி பொறுத்தால் கையில். ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியில் எழுதுபவர்களுக்கு இது அன்றாடப் பிழைப்பு.

இப்போது இன்னொரு விதி: 'அ' வந்தால் 'அ' என்றே எழுது. கோவை மாறவே இல்லை என்பதால் நிலைத்துவிட்டதுபோலத் தெரியும். உண்மையில் உச்சியிலேயே வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, ஒன்றும் உறுதியாகவில்லை. திட்டுவதென்றால் இதைத் திட்டுங்கள். கென்னவே, கிளாப், ஸ்லீப், டி வ்ரீஸ் ஆகிய ஆய்வாளர்கள் நால்வரும் 1990-களில் இந்த வேறுபாட்டையே அளவுகோலாக்கினார்கள்: மாற்றம் நடக்கும் ஆழம் எல்லையின்றிக் கூடிக்கொண்டே போக வேண்டும்.

முடிவிலியில் ஆபத்தே இல்லை என்று வாதாட வரவில்லை. க(ய) வந்தால் ய, ச(ய) வந்தால் ய என்று இரண்டு விதிகள் (ய என்ற மாறி எந்தக் கோவையாகவும் இருக்கலாம்); பார்க்கச் சாதுவானவை. க(ச(க(ச(… என்று முடிவின்றி நீளும் கோவையில் ச-க்களை எல்லாம் நீக்கினால் க மட்டும் மிஞ்சும், க-க்களை நீக்கினால் ச மட்டும். இரண்டு விடைகளும் பிறகு எந்நாளும் ஒன்றுசேராது. ஆனால் குற்றவாளி யார் என்று தெரிகிறதே! உறையை உரித்து உள்ளிருப்பதை அப்படியே நீட்டும் விதிகள்தான். ஒன்றோடொன்று மோதாத, இடப்பக்கத்தில் ஒரே மாறி இருமுறை வராத விதிகளில், இவ்வகை விதியும் இல்லையென்றால் இந்தப் பிளவு வராது.

ஆசிரியர்களே, தேர்வில் 'இந்த நிரல் நிற்குமா?' என்று கேட்பதோடு விடாதீர்கள். 'நிற்காவிட்டால், விடையின் ஒவ்வொரு துண்டும் என்றாவது வந்து சேருமா?' என்றும் கேளுங்கள்.